சிங்கப்பூர் வேலையும் 40 புள்ளிக் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிங்கப்பூர் வேலை அனுமதி விதிகள் 2023 செப்டம்பரிலிருந்து படிப்படியாக மாறிவருகின்றன. அதைப் பற்றி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில். டெல்டா மாவட்டங்களில் பேசுகிற வழக்கப்படி சிங்கப்பூர் டாலரை ‘வெள்ளி’ என்றே எழுதுகிறோம்.

எனக்கு 34 வயது. சென்னையில் மென்பொருள் வேலை, பி.இ. படித்திருக்கிறேன். சிங்கப்பூர் கம்பெனி ஒன்று மாதம் 8,500 வெள்ளிக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறது: அடிப்படைச் சம்பளம் 7,200, வீட்டு வாடகைப் படி 800, இன்சென்டிவ் 500. 2019-ல் போன என் நண்பர் ‘சம்பளம் இருந்தால் போதும்’ என்கிறார். ஆனால் கம்பெனியில் ‘40 புள்ளி வர வேண்டும்’ என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— வாசகர், குரோம்பேட்டை

கம்பெனி சொல்வதுதான் சரி. நண்பர் போன காலத்து விதி இப்போது இல்லை. நிபுணர், மேலாளர் நிலை வேலைக்கான அனுமதி எம்ப்ளாய்மென்ட் பாஸ், அதாவது ஈ.பி. அதற்கு இன்று இரண்டு வாசல்கள் உண்டு, இரண்டையும் தாண்ட வேண்டும். முதல் வாசல் குறைந்தபட்சச் சம்பளம். இரண்டாவது ‘காம்பஸ்’ எனப்படும் புள்ளி முறை. இது புது விண்ணப்பங்களுக்கு 2023 செப்டம்பர் 1 முதலும், புதுப்பித்தலுக்கு 2024 செப்டம்பர் 1 முதலும் நடப்பில் இருக்கிறது.

முதல் வாசலையே நீங்கள் இன்னும் தாண்டவில்லை. 2025 ஜனவரி 1 முதல் புது விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. ஆனால் அது 23 வயதுக்காரருக்கான தொகை. வயது ஏற ஏற ஆண்டுக்குச் சுமார் 230 வெள்ளி கூடிக்கொண்டே போய், 45 வயதில் 10,700-ல் நிற்கும். நிதித்துறையில் இது 6,200-ல் தொடங்கி 11,800 வரை போகும். 34 வயதுக்கு ஏறத்தாழ 8,150 வருகிறது. உங்கள் ஆஃபர் 8,500 ஆயிற்றே என்பீர்கள். மனிதவள அமைச்சு பார்ப்பது ‘நிலையான மாதச் சம்பளம்’ மட்டுமே. அடிப்படைச் சம்பளமும் மாதாமாதம் மாறாமல் வரும் படியும் அதில் சேரும். இன்சென்டிவ், போனஸ், ஓவர்டைம், செலவுக்குத் திருப்பித் தரும் பணம் எதுவும் சேராது. ஆக உங்கள் கணக்கு 7,200 + 800 = 8,000. சுமார் 150 வெள்ளி குறைகிறது. அந்த 500 இன்சென்டிவை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்து ஆஃபர் கடிதத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். கம்பெனிக்குப் பெரிய செலவில்லை, உங்களுக்கோ அதுதான் எல்லாம்.

அடுத்தது 40 புள்ளி. நான்கு அடிப்படை அளவுகோல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 0, 10 அல்லது 20 கிடைக்கும்.

முதலாவது சம்பளம். உங்கள் துறையில் உள்ளூர்க்காரர்களான நிபுணர்கள், மேலாளர்கள் வாங்கும் சம்பளத்தோடு, வயதையும் பார்த்து, உங்கள் சம்பளத்தை ஒப்பிடுவார்கள். 65-ஆவது சதமானத்தைத் தொட்டால், அதாவது அவர்களில் நூற்றுக்கு 65 பேரின் சம்பளத்தை எட்டினால் 10, 90-ஆவதைத் தொட்டால் 20. பலரும் தவறுவது இங்கேதான். குறைந்தபட்சச் சம்பளத்தைத் தாண்டிவிட்டால் இதில் 10 தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. இரண்டும் வேறு வேறு பட்டியல்கள். தகவல் தொழில்நுட்பம் மாதிரி சம்பளம் அதிகமான துறையில் குறைந்தபட்சத்தை ஒட்டிய ஆஃபருக்கு 0 விழவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது படிப்பு. பட்டம் இருந்தால் 10. அமைச்சின் முதல்தரக் கல்வி நிறுவனப் பட்டியலில் உள்ள இடத்தில் படித்திருந்தால் 20. மூன்றாவது, அந்தக் கம்பெனியின் நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் உங்கள் நாட்டுக்காரர் எத்தனை சதவீதம் என்பது. 5-க்குக் கீழே என்றால் 20, 5 முதல் 25-க்குள் என்றால் 10, 25-ம் அதற்கு மேலும் என்றால் 0. நான்காவது, அதே துறைக் கம்பெனிகளோடு ஒப்பிட்டால் இவர்கள் உள்ளூர்க்காரர்களை எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பது.

இவை போக, ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களின் பட்டியலில் உங்கள் வேலை இருந்தால் 20 கூடுதல். கம்பெனியில் உங்கள் நாட்டுக்காரர் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருந்தால் இந்த 20 பாதியாகி 10 ஆகிவிடும். அரசின் சில பொருளாதாரத் திட்டங்களில் பங்கெடுக்கும் கம்பெனிக்கு இன்னொரு 10 உண்டு.

உங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய ஐ.டி. கம்பெனி, இந்தியர் 40 சதவீதம் என்று வையுங்கள். சம்பளம் 0, படிப்பு 10, நாட்டுக்காரர் விகிதம் 0, உள்ளூர் ஆட்கள் 10, பற்றாக்குறைத் தொழில் பாதியாகி 10. மொத்தம் 30, போதாது. சம்பளம் 65-ஆவது சதமானத்தைத் தொட்டால்தான் 40 வரும். இதே வேலை சின்ன கம்பெனியில் என்றால் கதை வேறு. நிபுணர் நிலை ஊழியர் 25 பேருக்குக் குறைவாக இருந்தால், மூன்றாவது, நான்காவது அளவுகோல்களில் யாரையும் எண்ணாமல் தலா 10 கொடுத்துவிடுவார்கள். படிப்போடு சேர்த்து 30 கையில். பற்றாக்குறைப் பட்டியலில் வேலை இருந்தால் சம்பளத்தில் 0 வாங்கினாலும் தேறிவிடலாம்.

பட்டியலில் மென்பொருள் உருவாக்குநர், சைபர் பாதுகாப்பு வல்லுநர், தரவு அறிவியலாளர் போன்ற வேலைகள் இருக்கின்றன. அதற்காகப் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் செல்லாது. செய்யப்போகும் வேலையின் விவரம் பெயரோடு பொருந்த வேண்டும்.

மூன்றாவது, நான்காவது புள்ளிகள் கம்பெனிக்கு மட்டும் தெரியும். தங்கள் அமைச்சுக் கணக்கில் நுழைந்து பார்த்துக்கொள்ள அவர்களுக்கு வசதி உண்டு. எச்.ஆரிடம் நேராகக் கேளுங்கள்: “இந்தியருக்கான விகிதப் புள்ளி எவ்வளவு, உள்ளூர் ஆட்களுக்கான புள்ளி எவ்வளவு?” மழுப்பினால் சந்தேகப்படுங்கள். அமைச்சின் தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் ஒருமுறை போட்டுப் பார்த்து, அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே சென்னை வேலையை ராஜினாமா செய்யுங்கள்.

பட்டச் சான்றிதழைச் சரிபார்த்து ரிப்போர்ட் வேண்டும் என்று கம்பெனி கேட்கிறது. நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன், ஏற்கவில்லை. என்ன செய்வது?
— வாசகி, சேலம்

நோட்டரி சொல்வது ‘இது மூலப்பிரதியின் நகல்’ என்று மட்டும்தான். பல்கலைக்கழகம் இந்தப் பட்டத்தை உண்மையாகவே கொடுத்ததா என்பது அதில் தெரியாது. அமைச்சுக்கு வேண்டியது அந்த இரண்டாவது. பின்னணி சரிபார்க்கும் நிறுவனம் ஒன்று பல்கலைக்கழகத்தையே கேட்டு, பட்டம் உண்மையானது, கொடுத்த நிறுவனம் அங்கீகாரம் பெற்றது என்று அறிக்கை தர வேண்டும். எந்த நிறுவனங்களின் அறிக்கை செல்லும் என்பது அமைச்சின் தளத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு வெளியே பணம் கட்டாதீர்கள்.

நம் ஊர்ச் சான்றிதழ்களில் சிக்கும் இடங்கள் சில உண்டு. பெரிய தலைவலி இனிஷியல். பட்டத்தில் ‘கவிதா எம்.’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த ‘எம்’ விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சரிபார்ப்பவருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். பாஸ்போர்ட்டையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்து, பட்டத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் அறிக்கையிலேயே இடம்பெறச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால் திருமணப் பதிவுச் சான்றும் வேண்டும்.

அடுத்தது நிறுவனத்தின் பெயர். விண்ணப்பத்தில் படித்த கல்லூரியின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான். கோவையில் உள்ள கல்லூரியில் படித்து அண்ணா பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர், பட்டம் கொடுத்த இடமாக அண்ணா பல்கலைக்கழகத்தையே குறிக்க வேண்டும்.

தற்காலிகச் சான்றிதழை வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் நம்மில் நிறைய. பட்டமளிப்புச் சான்றை இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றே விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வரப் பல வாரங்கள் ஆகலாம். செமஸ்டர் தேர்வு நேரத்தில் மாட்டினால் இன்னும் இழுக்கும்.

படிப்புக்கான 10 புள்ளி இல்லாமலே உங்களுக்கு 40 வந்துவிடுகிறது என்றால், பட்டத்தைக் குறிப்பிடாமலே கம்பெனி விண்ணப்பிக்கலாம். அப்போது சரிபார்ப்பும் தேவைப்படாது. மருத்துவம் போலத் தொழில்முறைப் பதிவு தேவைப்படும் வேலைகளுக்கு இந்தக் குறுக்குவழி பொருந்தாது.

2021 முதல் ஈ.பி.யில் இருக்கிறேன். வயது 41, நிலையான சம்பளம் 8,200 வெள்ளி. குடும்பமும் உடன் இருக்கிறது. அடுத்த புதுப்பித்தலில் பிரச்சினை வருமா?
— வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

வரும். 2026 ஜனவரி 1 முதல் காலாவதியாகும் பாஸ்களுக்கும் 5,600-ல் தொடங்கும் புது அட்டவணைதான். அதில் 41 வயதுக்கு ஏறத்தாழ 9,770 வெள்ளி. உங்களுக்கு 1,500-க்கு மேல் இடிக்கிறது. காம்பஸ் புள்ளி அதற்கப்புறம்.

புதுப்பிக்கக் காலாவதிக்கு 6 மாதம் முன்பிருந்தே கம்பெனி விண்ணப்பிக்கலாம். எனவே இப்போதே பேச்சைத் தொடங்குங்கள். ஆண்டு போனஸாகத் தருவதில் ஒரு பகுதியை மாதச் சம்பளத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான எஸ் பாஸ் ஒரு வழி. 2025 செப்டம்பர் 1 முதல் அதன் குறைந்தபட்சம் 3,300-ல் தொடங்கி 45 வயதில் 4,800 வரை போகிறது. உங்கள் சம்பளம் தாராளமாகத் தாண்டும். எஸ் பாஸுக்கு காம்பஸ் கிடையாது. ஆனால் கம்பெனியிடம் கோட்டா காலியாக இருக்க வேண்டும், வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குச் செலுத்தும் லெவி மாதம் 650 வெள்ளியும் அவர்கள் கட்ட வேண்டும். உங்கள் சம்பளம் 6,000-க்கு மேல் இருப்பதால் எஸ் பாஸுக்கு மாறினாலும் மனைவி, பிள்ளைகளுக்கான டிபென்டென்ட் பாஸுக்குத் தகுதி உண்டு. பெயர் இறங்கியதாக நினைத்து இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். காகிதத்தில் 9,800 என்று எழுதிவிட்டு, மாதாமாதம் 1,600-ஐ ரொக்கமாகத் திருப்பிக் கொடுப்பது. சம்பளத்தைப் பொய்யாகக் காட்டினால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு இனி அங்கே வேலை பார்க்கும் வாசலும் மூடிவிடும்.

திருச்சி ஏஜென்ட் ஒருவர் ஓட்டலில் சூப்பர்வைசர் வேலை, எஸ் பாஸ், சம்பளம் 3,300 என்கிறார். ஐந்து லட்சம் கேட்கிறார். லெவி 650-ஐச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். போகலாமா?
— வாசகர், லால்குடி

இந்த நிபந்தனையோடு போகாதீர்கள். லெவி என்பது கம்பெனி அரசுக்குக் கட்டும் வரி. அதை ஊழியர் தலையில் ஏற்றுவது சட்டப்படி குற்றம். 3,300-ல் 650 போனால் கையில் 2,650. அந்தச் சம்பளத்துக்கு எஸ் பாஸே கிடையாது. அதாவது விண்ணப்பத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை. தொடக்கத்திலேயே உங்களைப் பொய்க்கு உடந்தையாக்குகிறார்கள். வேலை கொடுப்பதற்காக முதலாளியே பணம் வாங்கினால் அவருக்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு.

ஐந்து லட்சம் என்ற கணக்கும் இடிக்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு இந்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் தேடிப் பாருங்கள். சிங்கப்பூர் பக்கத்தில் உரிமம் பெற்ற ஏஜென்சியும் ஓர் ஆண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளம் என்பதற்கு மேல் ஊழியரிடம் வாங்கக்கூடாது.

அந்த ஓட்டலில் மொத்தம் எத்தனை பேர் என்றும் விசாரியுங்கள். சேவைத் துறையில் மொத்த ஊழியரில் 10 சதவீதம்தான் எஸ் பாஸில் இருக்கலாம். ஒருவருக்கு எஸ் பாஸ் எடுக்க, அரசு குறித்த குறைந்தபட்சச் சம்பளமாவது வாங்கும் உள்ளூர்க்காரர் 9 பேர் இருக்க வேண்டும். நாலு மேசை போட்ட கடை “எஸ் பாஸ் மூணு காலி இருக்கு” என்றால் கணக்கு உதைக்கிறது.

ஐ.பி.ஏ. எனப்படும் முன்அனுமதிக் கடிதத்தின் பி.டி.எஃப்.பை வாட்ஸ்அப்பில் காட்டினால் நம்பிவிடாதீர்கள். அதில் உங்கள் பாஸ்போர்ட் எண், கம்பெனி பெயர், வேலையின் பெயர், நிலையான சம்பளம் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றையும் ஆஃபர் கடிதத்தோடு ஒத்துப்பாருங்கள். பிறகு மனிதவள அமைச்சின் தளத்திலேயே சரிபாருங்கள். தளத்தின் முகவரி ‘கவ் டாட் எஸ்ஜி’ என்று முடிய வேண்டும். ஏஜென்ட் அனுப்பும் லிங்க்கைத் தட்டிப் பார்ப்பது சரிபார்ப்பதாகாது.

கணவருக்கு ஈ.பி. கிடைத்துவிட்டது. டிபென்டென்ட் பாஸில் போய் அங்கே நானும் வேலை தேடிக்கொள்ளலாமா? மாமனார், மாமியாரையும் அழைத்துப்போக ஆசை.
— வாசகி, தஞ்சாவூர்

தேடலாம். ஆனால் அந்தப் பாஸை வைத்துக்கொண்டு வேலையில் சேர முடியாது. முன்பு கம்பெனி ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கினால் போதும் என்று இருந்தது. 2021 மே 1 முதல் அது போய்விட்டது. சொந்தத் தொழில் நடத்தும் சிலருக்கு மட்டும்தான் இப்போது அந்த வழி. நீங்கள் உங்கள் பெயரிலேயே ஈ.பி., எஸ் பாஸ் அல்லது ஒர்க் பெர்மிட் வாங்க வேண்டும். சென்னைக் கம்பெனிக்கு அங்கிருந்து வேலை செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் முன்கூட்டியே அமைச்சிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் 21 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கும் பாஸ் எடுக்கக் கணவரின் நிலையான சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். பெற்றோருக்கான நீண்டகால வருகை அனுமதிக்கு அது 12,000 ஆக இருக்க வேண்டும். அந்த அனுமதி அவருடைய சொந்தப் பெற்றோருக்கு மட்டுமே. உங்கள் அம்மா, அப்பாவை அவர் பெயரில் அழைக்க முடியாது.

சமையல் மாஸ்டருக்கு ஈ.பி. கிடைக்குமா?
— வாசகர், காரைக்குடி

நடைமுறையில் இல்லை. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரரை ஒர்க் பெர்மிட்டில் எடுக்கலாம். நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி தர வேண்டும். இந்த வகையில் எடுப்பவர்கள் கடையின் மொத்த ஊழியரில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள இதில் இடமில்லை.

எனது ஈ.பி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கம்பெனி அப்பீல் போடுவதாகச் சொல்கிறது. பலன் உண்டா?
— வாசகர், கோயம்புத்தூர்

நிராகரித்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அப்பீல் போடலாம். போடவேண்டியவர் கம்பெனி, நீங்களல்ல. புது விவரம் ஏதும் இல்லாமல் ‘இவர் மிகவும் திறமையானவர்’ என்று இரண்டு பக்கம் எழுதினால் அதே பதில்தான் திரும்பி வரும். முதலில் நிராகரிப்புக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். காரணம் அதில் இருக்கும், வாய்மொழியாகக் கேட்டதை நம்ப வேண்டாம்.

புள்ளி குறைவு என்றால் எதை மாற்றினால் கூடும் என்று பார்க்க வேண்டும். சம்பளத்தைக் கூட்டுவது ஒன்று, சரிபார்ப்பு அறிக்கை இல்லாமல் விட்ட பட்டத்தை அறிக்கையோடு சேர்ப்பது இன்னொன்று. நாட்டுக்காரர் விகிதத்தில் 0 விழுந்தது காரணமானால் அப்பீலால் அது மாறாது.

விளம்பர விதியில் கோட்டை விடுகிற கம்பெனிகளும் உண்டு. ஈ.பி.யோ எஸ் பாஸோ விண்ணப்பிக்கும் முன் அந்த வேலையை ‘மைகேரியர்ஸ்ஃபியூச்சர்’ என்ற சிங்கப்பூர் அரசின் வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரப்படுத்தி, உள்ளூர்க்காரர்களுக்கு நியாயமாக வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான கம்பெனிக்கும், 22,500 வெள்ளியும் அதற்கு மேலுமான சம்பளத்துக்கும் விலக்கு உண்டு. விளம்பரத்தில் 6,000 முதல் 7,500 வரை என்று போட்டுவிட்டு விண்ணப்பத்தில் 9,000 என்று எழுதியிருந்தால் அப்பீல் வேண்டாம். சரியான சம்பளத்தோடு மறுபடி விளம்பரம் போட்டு, 14 நாள் பொறுத்து, புதிதாக விண்ணப்பிப்பதே நல்லது.

ஆட்குறைப்பு வரும் போலிருக்கிறது. வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம்?
— வாசகர், சிராங்கூன், சிங்கப்பூர்

கம்பெனி ஈ.பி.யை ரத்து செய்ததும் பொதுவாக 30 நாளுக்குக் குறுகிய கால அனுமதி கிடைக்கும். கடைசி வேலை நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ரத்து செய்வது அவர்கள் கடமை. குடும்பத்தினரின் டிபென்டென்ட் பாஸும் உங்கள் பாஸோடு சேர்ந்து போய்விடும். பிள்ளை பள்ளியில் படித்தால் இதை முதலில் யோசியுங்கள்.

புது வேலை கிடைத்தால் பழைய ஈ.பி. கூடவே வராது. புது கம்பெனி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், 40 புள்ளியை அந்தக் கம்பெனியின் கணக்கில் மறுபடி பார்ப்பார்கள். பழைய இடத்தில் தேறியவர் புது இடத்தில் தேறாமல் போவது இதனால்தான்.

பணத்தையும் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஊழியர் விலகும்போது கம்பெனி ‘ஐ.ஆர். 21’ படிவம் தாக்கல் செய்து வரித்துறையிடம் அனுமதி வாங்கும். அது வரும்வரை உங்களுக்குச் சேரவேண்டிய கடைசிச் சம்பளம், விடுப்புப் பணம், இழப்பீடு அனைத்தையும் நிறுத்தி வைக்கும். வரி போக மீதிதான் கைக்கு வரும். ஆக கடைசி மாத வீட்டு வாடகைக்கும் விமான டிக்கெட்டுக்கும் அந்தச் சம்பளத்தை நம்பாமல், ஒரு மாதச் செலவுக்கான வெள்ளியை இப்போதே வங்கியில் தனியாக ஒதுக்கிவையுங்கள்.